இரட்டைத் தவணை

காலை ஆறுக்குப் பத்து மில்லிகிராம்.
பகல் பன்னிரண்டுக்கு ஐந்து.
நாலரைக்கு இரண்டரை; அதற்குக் குளிசையைப்
பிளேடால் பிளக்க வேண்டும்.
சிந்துகிற தூளை விரல்நுனியில் ஒற்றி நக்குவேன்.
அதிர்ச்சியைத் தாங்கும் பலம்
எனக்குப் போத்தலில் வருகிறது.

மற்றவர்களுக்கு அது
சிறுநீரகங்களின் தலையில் கவிழ்த்த
இரண்டு சின்னத் தொப்பிகளில் ஊறுகிறது.
நாய் பாய்ந்தால், பிள்ளை கிணற்றடியில் வழுக்கினால்,
மூளைக்கடியில் இருந்து கபச்சுரப்பி ஒரு கடிதம் போடும்.
அதிரீனல் எண்ணி வைக்கும்:
சீனி இரத்தத்துக்கு, இரத்தம் காலுக்கு, ஓடு.
பிறகு அந்தக் கோட்டிசோலே மேலே போய்
"வந்து சேர்ந்தது, இனி எழுதாதே" என்று சொல்லும்.

பத்தொன்பது வயதில் எனக்கு வந்த சயரோகம்
இரண்டு தொப்பியையும் சுண்ணாம்பாக்கிவிட்டுப் போனது.
கபச்சுரப்பிக்கு அது தெரியாது.
வெறும் வீட்டுக்கு எழுதுகிறது, எழுதுகிறது.
பதில் கிடைக்காத அத்தனை கடிதத்தின் மையும்
என் கைரேகையில், முரசில், முழங்கை மடிப்பில்
கறுப்பாய்ப் படிந்து கிடக்கிறது.
"வெயிலுக்குள்ள திரிஞ்சா கறுக்காம என்ன"
என்பார்கள் ஒஃபிசில்.

நான் லோன் காசு சேர்க்கிறவள்.
செவ்வாய் சந்திவெளி, புதன் கிரான்,
வியாழன் கோரக்கல்லிமடு.
என் ஸ்கூட்டிச் சத்தத்துக்கு
ஒழுங்கை முழுக்க அதிரீனல்கள் விழித்துக்கொள்ளும்.
அடுப்பு எரியும், ஆள் இருக்காது.
கொடியில் சட்டை சொட்டும், ஆள் இருக்காது.
கதிரையை இழுத்துப்போட்டு இருப்பேன்.
எழும்பாமல் இருப்பதுதான் எங்கள் தொழில்.

கோமளேஸ்வரி ஒளிக்கிறவள் இல்லை.
ஏழு கிழமை பாக்கி.
"இல்லக்கா. இருந்தாத் தருவன்.
நித்திரையும் இல்ல, விடியச் சாமம் மூண்டு மணிக்கு
நெஞ்சு அடிச்சு எழுப்புது."
அவளுடையது பட்ட கடனுக்கு மேலாலும்
கட்டிக்கொண்டே இருக்கிறது.
"போதும்" என்பது எங்கோ தபாலில் நிற்கிறது.
நான் அட்டையில் பூச்சியம் போட்டேன்.

ஆவணி. கச்சான் காற்று மணலை முகத்தில் எறிந்தது.
எனக்கு இரவே காய்ச்சல்.
காய்ச்சலென்றால் இரட்டிப்பாகப் போடு,
கிளினிக்கில் படித்துப் படித்துச் சொன்னது.
மறந்துபோனேன் என்று டொக்டரிடம் சொன்னேன்.
மறக்கவில்லை.
நாலு குளிசை இருந்தது, சம்பளம் வெள்ளிக்கிழமை.
நானும் ஒரு தவணை பிந்தினேன்.

அவள் வாசலில் சத்தி எடுத்தேன்.
பிறகு வானம் கிடுகுவேலிக்குக் கீழே வந்தது.
உப்பு, உப்பு என்றேனாம்.
அவள் சோத்துத்தண்ணியில் கல்லுப்பைக் கரைத்துப் பருக்கிவிட்டு
என் பையைக் கொட்டினாள்.
முப்பத்தாறு கடன் அட்டை.
தன்னுடையதையும் கண்டிருப்பாள்.
அவற்றுக்கடியில் சிவப்பாய் ஒன்று, என் பெயரில்.
இங்கிலீசு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி
1990க்கு ஃபோனில் வாசித்தாள்.
அம்புலன்சுக்கு ஒழுங்கை தெரியாதென்று
வெறுங்காலோடு மெயின் ரோட்டுக்கு ஓடினாள்.
அன்றைக்கு அவள் நெஞ்சு
இரண்டு பேருக்குச் சேர்த்து அடித்தது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. நாளத்தில் ஊசி.
கொஞ்ச நேரத்தில் மேலே சுழன்ற வட்டம்
மறுபடி மூன்று தகடுள்ள ஃபேன் ஆனது.

அடுத்த கிழமையும் வியாழக்கிழமை வந்தது.
ஒழுங்கை முனையிலேயே எஞ்சினை நிறுத்தி
மணலுக்குள் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போனேன்.
சத்தமில்லாமல் வருவது
இன்னும் பயமோ, தெரியாது.
அவள் தண்ணி கொண்டுவந்தாள்.
பன்னிரண்டு மணி; ஐந்து மில்லிகிராம் விழுங்கினேன்.
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எட்டுக் கிழமை" என்றாள், நான் கேட்கும் முன்பே.

அட்டையை எடுக்கத்தான் வேண்டியிருந்தது.